தொகுதிக் கோடு: சதியா, கணக்கா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் நாம் செய்யும் தவறுகள்

தருமபுரி எம்.பி. தொகுதிக்குள் மேட்டூர் எப்படி வந்தது? தேர்தல் வந்தால் டீக்கடைகளில் தவறாமல் கிளம்பும் கேள்வி இது. மேட்டூர் சேலம் மாவட்டம். அங்கே இருப்பவருக்குக் கலெக்டர் ஆபீஸ் சேலத்தில் இருக்கிறது, எம்.பி. மட்டும் தருமபுரி எம்.பி. "எவனோ கணக்குப் போட்டு வெட்டி ஒட்டியிருக்கான்" என்று யாராவது சொல்ல, பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கணக்குப் போட்டது உண்மைதான். ஆனால் அது வகுத்தல் கணக்கு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39. வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவதற்குப் பக்கத்து மாவட்டத்தில் கை வைத்தே ஆக வேண்டும். சேலத்திலோ 11. ஆறு தொகுதிகள் சேலம் மக்களவைக்குப் போக, மிச்சம் ஐந்து. அதில் கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு மூன்றும் கள்ளக்குறிச்சிக்குப் போயின, சங்ககிரி நாமக்கல்லுக்குப் போனது, மேட்டூர் தருமபுரிக்கு வந்தது. கிருஷ்ணகிரிக்கு இந்தத் தலைவலி இல்லை. ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என்று மாவட்டத்துக்குள்ளேயே ஆறு சரியாக அமைந்துவிட்டது.

"சரி, மேட்டூருக்குப் பதிலாக ஓமலூரைச் சேர்த்திருக்கலாமே, அதுவும் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரை ஒட்டித்தானே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், அது நல்ல கேள்வி. வகுத்தல் முடிந்து, ஆட்கள் முடிவெடுக்கும் இடம் அதுதான். நியாயமா அநியாயமா என்று அங்கேதான் தேட வேண்டும். நம்மில் பலர் தேடுவது வேறெங்கோ.

இரண்டு சண்டையை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது

தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதிகளைப் புதிதாகப் பிரித்து வரைவது, என்றதும் இப்போது எல்லோர் நினைவுக்கும் வருவது, தமிழ்நாட்டின் 39 இடம் என்ன ஆகும் என்பதுதான். இது மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரிப்பதில் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் பங்கீட்டுச் சண்டை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்குத் தண்டனையாக இடத்தை இழக்கலாமா என்பது அதன் மையக் கேள்வி. நமக்கு இது புதிதும் இல்லை. 1962 தேர்தலில் 41 எம்.பி.க்களை அனுப்பிய மாநிலம் 1967-இல் 39 பேரைத்தான் அனுப்பியது. 1976-இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களின் இட எண்ணிக்கையை உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

மாநிலத்துக்குள் கோடு எப்படிப் போடுவது என்பது தனிச் சண்டை. 39 இடமும் அப்படியே இருந்தாலும், ஒரே ஒரு கிராமம் இந்தத் தொகுதியிலிருந்து அந்தத் தொகுதிக்கு மாறினால் முடிவு மாறலாம். முதல் சண்டையில் தமிழ்நாட்டுக் கட்சிகள் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கின்றன. இரண்டாவதில் அப்படி நிற்க மாட்டார்கள், நிற்கவும் முடியாது. முதலாவதைப் பற்றிய கோபத்தை வைத்து இரண்டாவதை எடைபோட்டால் இரண்டுமே புரியாமல் போகும்.

கோணலாக இருந்தால் மோசடி என்று முடிவு கட்டுவது

கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதிக் கோட்டை வளைக்கும் வித்தைக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் ஜெரிமாண்டரிங். 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி, தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளை வரைந்த சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி வரைபடத்தில் சாலமாண்டர் என்கிற பல்லி மாதிரியான பிராணிபோல நெளிந்து கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நெளிந்த தொகுதியைக் கண்டாலே திருட்டு என்கிற எண்ணம் ஒட்டிக்கொண்டது.

நம் ஊர் நிலத்தைப் பாருங்கள். பென்னாகரத்துக்கு ஒரு பக்கம் காவிரியும் ஒகேனக்கல் காடும். அரூர்ப் பக்கம் சித்தேரி மலை. தளி கர்நாடகத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. வேப்பனஹள்ளிக்குக் கர்நாடகம் ஒரு பக்கம், ஆந்திரம் ஒரு பக்கம். இங்கே ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டால் மலையின் இந்தப் பக்கத்து ஊரும் அந்தப் பக்கத்து ஊரும் ஒரே தொகுதியில் வரும், நடுவில் பஸ்ஸே இருக்காது.

அமெரிக்காவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இலினாய் மாநிலத்தின் நான்காவது தொகுதி பல ஆண்டுகள் காதில் மாட்டும் ஹெட்போன் மாதிரி இருந்தது. சிகாகோவில் தனித்தனியாக இருந்த இரண்டு லத்தீன் அமெரிக்கக் குடியிருப்புகளை ஒரு நெடுஞ்சாலைப் பட்டை வழியாக இணைத்திருந்தார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்த மக்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அந்தக் கோணல்தான் வழிசெய்தது. சதுரமாக வெட்டியிருந்தால் இரண்டு குடியிருப்பும் இரண்டு தொகுதிகளில் சிறுபான்மையாகக் கரைந்து போயிருக்கும்.

தலை எண்ணிக்கை சமமாக இருந்தால் நியாயம் முடிந்தது என்று நினைப்பது

எனக்குத் தெரிந்து படித்தவர்களும் விழும் பள்ளம் இது. கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாவட்டத்தில் 25 ஊர்கள். ஊருக்கு நூறு ஓட்டு. ஐந்து ஐந்து ஊராகச் சேர்த்து ஐந்து தொகுதி. இரண்டே கட்சி: புளிக் கட்சி, தக்காளிக் கட்சி. 15 ஊர்கள் முழுக்கப் புளி, பத்து ஊர்கள் முழுக்கத் தக்காளி. அதாவது புளிக்கு 60 சதவீதம், தக்காளிக்கு 40.

முதல் விதம்: ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று புளி ஊர், இரண்டு தக்காளி ஊர். புளி ஐந்துக்கு ஐந்தும் ஜெயிக்கும். பத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு எம்.எல்.ஏ. கூட இல்லை.

இரண்டாவது விதம்: புளி ஊர்களை மூன்று தொகுதியிலும் தக்காளி ஊர்களை இரண்டு தொகுதியிலும் தனித்தனியாக வைத்தால் மூன்றுக்கு இரண்டு. ஓட்டு விகிதமும் இட விகிதமும் ஒத்துப் போகும். ஆனால் எந்தத் தொகுதியிலும் போட்டியே இருக்காது. நிற்கிறவர் படுத்துக்கொண்டே ஜெயிப்பார்.

மூன்றாவது விதம்தான் கைதேர்ந்த வேலை. புளிக் கட்சியின் பத்து ஊர்களை இரண்டு தொகுதிக்குள் திணித்து அடைத்துவிட வேண்டும். அங்கே புளி நூற்றுக்கு நூறு வாங்கட்டும், பரவாயில்லை. மிச்சம் ஐந்து புளி ஊர், பத்து தக்காளி ஊர். அதை மூன்று தொகுதியாக்கி, ஒன்றில் நாலுக்கு ஒன்று, மற்ற இரண்டில் மூன்றுக்கு இரண்டு என்று வைத்தால் மூன்றிலும் தக்காளி. 40 சதவீத ஓட்டு வாங்கிய கட்சி ஐந்தில் மூன்று இடம் பிடித்து ஆட்சி அமைக்கும்.

மூன்று விதத்திலும் ஒவ்வொரு தொகுதியிலும் சரியாக ஐந்நூறு ஓட்டு. ஒரு தலை கூடக் குறைச்சல் இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் நாடாளுமன்றத் தொகுதிகளின் மக்கள்தொகை ஏறக்குறைய ஆள் கணக்கில் சமமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கறாராக நிற்கின்றன. அப்படிச் சமமாக வைத்துக்கொண்டேதான் அங்கே ஒரு பக்கத்து ஓட்டை ஓரிடத்தில் திணிக்கும் இந்த அடைப்பு வேலையும், பல இடங்களில் பிரித்துக் கரைக்கும் சிதறடிப்பு வேலையும் நடக்கிறது. 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போட்ட வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கையை விரித்துவிட்டது.

நம் பக்கக் கணக்குக்கு வருவோம். இப்போதைய தொகுதிகள் 2001 மக்கள்தொகையை வைத்து வரையப்பட்டவை. அன்று தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. 234 ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2,66,691. தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,95,182. வகுத்தால் 4.86, ஆகவே ஐந்து. கிருஷ்ணகிரிக்கு 15,61,118. வகுத்தால் 5.85, ஆகவே ஆறு. இரண்டு மாவட்டத்திலும் தொகுதிச் சராசரி 2.6 லட்சத்தை ஒட்டியே வருகிறது. மாநிலச் சராசரியைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மாவட்ட அளவில் நமக்கு அநியாயம் நடந்ததாகச் சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. மாவட்டமும் தாலுகாவும் எந்தத் தேதியில் எப்படி இருந்தனவோ அதை வைத்தே தொகுதி வரைவது என்று மறுவரையறை ஆணையம் எடுத்துக்கொண்ட தேதி 2004 பிப்ரவரி 15. ஆறே நாள் இடைவெளி. மாவட்டம் பிரியாமல் இருந்திருந்தாலும் 28,56,300 பேருக்கு 10.71, அதாவது அதே 11 தொகுதிதான் வந்திருக்கும். ஆனால் ஒரு தொகுதி ஒரு மாவட்டத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது ஆணையம் பின்பற்றிய நெறி. ஆகவே இரண்டு மாவட்டத்துக்கும் நடுவே இருக்கும் கோட்டைத் தாண்டி எந்தச் சட்டமன்றத் தொகுதியும் போக முடியாமல் ஆனது அந்த ஆறு நாள் முந்தியதால்தான்.

ஜெயித்தது யார் என்பதை வைத்துக் கோட்டை எடைபோடுவது

2008-இல் அமலுக்கு வந்த மறுவரையறையில் மொரப்பூர், காவேரிப்பட்டணம் என்ற இரண்டு பழைய தொகுதிகள் காணாமல் போயின. பாப்பிரெட்டிப்பட்டியும் வேப்பனஹள்ளியும் புதிதாக வந்தன. அதற்குப் பிறகு தோற்றவர்கள் எல்லோரும் "தொகுதியை உடைச்சுட்டாங்க" என்றார்கள். ஜெயித்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் ஒரே பக்கத்தில் அடர்ந்திருந்தால், யாரும் சதி செய்யாமலேயே அந்தக் கட்சி ஓட்டை வீணாக்கும். ஒரு தொகுதியில் எழுபதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் பக்கத்துத் தொகுதியில் மூவாயிரத்தில் தோற்பது அப்படித்தான். நம் இரண்டு மாவட்டத்திலும் சமூகங்கள் ஊருக்கு ஊர் கலந்து வாழ்ந்தாலும் சில பகுதிகளில் ஒரு சமூகம் அடர்த்தி, ஓசூர், தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்கள் அடர்த்தி. அடர்த்தி என்பது கோடு போடுகிறவரின் குற்றம் இல்லை. அடர்த்தியை எங்கே வெட்டினார், ஏன் அங்கே வெட்டினார் என்பதைக் கேட்கலாம். அதற்கு ஒரே ஒரு தேர்தல் முடிவு போதாது. கூட்டணி மாறினால் முடிவு மாறிவிடும் மாநிலம் இது.

யார் வரைந்தார் என்று தெரியாமல் திட்டுவது

திட்டு பெரும்பாலும் கலெக்டருக்கோ தேர்தல் ஆணையத்துக்கோ போய்ச் சேர்கிறது. சட்டமன்ற, மக்களவைத் தொகுதிகளை வரைவது மறுவரையறை ஆணையம். கடைசியாக அமைந்தது 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையில். தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒருவரும் மாநிலத் தேர்தல் ஆணையரும் அதில் உறுப்பினர்கள். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். பேசலாம், மறுப்பு எழுதித் தரலாம். ஓட்டுப் போடவோ கையெழுத்துப் போடவோ முடியாது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே கோடு போடுகிறது, அதாவது ஆட்டக்காரரே எல்லையும் கிழிக்கிறார். நம் ஏற்பாடு அதைவிட எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "நம்ம நாட்டில் ஜெரிமாண்டரிங் நடக்கவே முடியாது" என்று நெஞ்சை நிமிர்த்துவதும் தவறு. நியமிப்பது மத்திய அரசு. ஜம்மு காஷ்மீரில் 2022-இல் முடிந்த மறுவரையறையில் ஜம்முவுக்கு ஆறு தொகுதியும் காஷ்மீருக்கு ஒன்றும் கூடின. பீர் பஞ்சால் மலைத்தொடரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனந்த்நாக்-ரஜௌரி என்று ஒரு மக்களவைத் தொகுதி வந்தது. அங்கே எழுந்த கேள்விகளை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

என் பார்வையில் நம் முறையின் பெரிய ஓட்டை வேறு. ஆணையத்தின் இறுதி ஆணையைப் பிரித்தால் தாலுகா, பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் உள்வட்டம்), வருவாய்க் கிராமம் என்று பெயர்ப் பட்டியல்தான் இருக்கும். இந்தக் கிராமம் ஏன் இந்தப் பக்கம் என்ற காரணம் அதில் இருக்காது. காரணம் எழுதாத இடத்தில் சதி என்ற பேச்சு தானாக வந்து குடியேறும். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் கதவு ஏறக்குறைய சாத்தித்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு தொகுதி வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது. 2024-இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி குறித்த வழக்கில், ஆணை வெளிப்படையாகத் தான்தோன்றித்தனமாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு இடுக்கு விட்டிருக்கிறது. இடுக்குதான், வாசல் இல்லை.

தனித்தொகுதி பற்றிய அரைகுறைப் பேச்சு

அரூரும் ஊத்தங்கரையும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். "அடுத்த தடவை மாறிடும்" என்று சிலர் காத்திருக்கிறார்கள். உள்ளாட்சியில்தான் சுழற்சி. சட்டமன்றத்தில் அடுத்த மறுவரையறை வரை மாறாது. பட்டியல் சாதி மக்களின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள பகுதியாக இருக்க வேண்டும், அதே சமயம் மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவியிருக்க வேண்டும் என்பது சட்டம் சொல்லும் விதி. பழங்குடியினர் தொகுதிக்குப் பரவல் விதி கிடையாது, அவர்கள் எங்கே அதிகமோ அங்கேதான். தமிழ்நாட்டில் அப்படி ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே.

வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு மக்கள்தொகைச் சண்டை போடுவது

ஓசூர்த் தொகுதியில் வாக்காளர்கள் பென்னாகரத்தைவிட மிக அதிகம். "ஒரு காலத்தில் ஒரே மாவட்டமாக இருந்த வட்டாரம், ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இவ்வளவு வித்தியாசமா?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் காரணம் கோடு போட்டவரின் கள்ளத்தனம் இல்லை, கோடு பழசானதுதான். தொகுதி வரைவது மக்கள்தொகையை வைத்து, குழந்தைகளையும் சேர்த்து. 2001-க்குப் பிறகு சிப்காட்டைச் சுற்றி ஓசூர் வீங்கியது, தருமபுரிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். கோடு மட்டும் அங்கேயே நிற்கிறது.

இதில் நம் பக்கத்துத் தவறு ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டும் ஓட்டும் சொந்த ஊரில் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, கணக்கெடுப்புக்கு வருகிறவரிடம் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் கணக்கு ஏறும். குடும்பத்தோடு பெங்களூரில் இருப்பவர், வாக்காளர் பட்டியலில் பெயர் நீங்காமல் இருக்கும்வரை, ஓட்டுப் போடத் தருமபுரிப் பக்கத்து நல்லம்பள்ளிக்கு வரலாம், ஆனால் தொகுதி வரையும்போது அவர் கர்நாடகத்தின் தலைக்கணக்கில்தான் இருப்பார். பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒரு ஊருக்குத் தொகுதிக் கணக்கில் எதையும் சேர்ப்பதில்லை.

பெரிய தொகுதியைப் பார்த்துக்கொண்டு வார்டைக் கோட்டை விடுவது

உண்மையான அடைப்பு வேலைக்கும் சிதறடிப்பு வேலைக்கும் தோதான இடம் வார்டு. ஓட்டு கொஞ்சம், முகங்கள் தெரிந்தவை, யார் வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது, 45 வார்டு. அதுபோன்ற பெரிய ஊரில் கூட ஒரு தெருவை இந்தப் பக்கம் தள்ளினால் முடிவு புரளும். ஊராட்சியில் கேட்கவே வேண்டாம்.

இப்படி யோசியுங்கள். ஊராட்சியில் ஆறு வார்டு, வார்டுக்கு 300 ஓட்டு. ஆதிதிராவிடர் குடியிருப்பில் 360 ஓட்டு. அதை ஒரே துண்டாக வைத்தால் ஒரு வார்டு நிச்சயமாக அவர்கள் கையில் இருக்கும், பக்கத்து வார்டிலும் அறுபது ஓட்டு பலம். மூன்றாக வெட்டி 120, 120, 120 என்று மூன்று வார்டில் போட்டால் எதிலும் பாதிக்கு மேல் இல்லை. வார்டுகள் சமம், வரைபடம் அழகு, கேட்டால் "தெரு வரிசைப்படிதான் போட்டோம்" என்ற பதில். ஒதுக்கீடு இருக்கும் வார்டில் இந்த வித்தை செல்லாது, மற்ற வார்டுகளில் தாராளமாகச் செல்லும்.

உள்ளாட்சி வார்டுகளுக்கு மாநிலச் சட்டப்படி தனி மறுவரையறை ஆணையம், மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில். வரைவு தயாராவது உள்ளூர் அலுவலகங்களில். வரைவு வெளியாகி ஆட்சேபணை கேட்கும் நாட்களில் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை, வேட்புமனு தாக்கல் தொடங்கியதும் ஊரே கொதிக்கிறது. அப்போது கொதித்துப் பயன் இல்லை.

மனு எழுதுவதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. "எங்கள் ஊரைப் பழைய தொகுதியிலேயே வைக்க வேண்டும், பாரம்பரியம், உணர்வு" என்று ஒரே கடிதத்தை நகல் எடுத்து ஐந்நூறு கையெழுத்தோடு கொடுப்பார்கள். அதிகாரியின் மேஜையில் அது ஒரே மனுதான். அவர் முன்னால் இருக்கும் பிரச்சினை எளிமையானது: உங்கள் ஊரை இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கம் தலை குறையும், அதற்கு எதை வைப்பது? அந்தப் பதிலையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர், கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை, எந்தப் பிர்கா, தாலுகா ஆபீஸுக்கும் யூனியன் ஆபீஸுக்கும் எந்த ரோடு வழியாகப் போகிறீர்கள், நடுவில் மலையோ ஆறோ உண்டா, உங்களுக்குப் பதிலாக மாற்றக்கூடிய அதே அளவு மக்கள்தொகை உள்ள கிராமம் எது, மாற்றிய பிறகு இரண்டு தொகுதியின் எண்ணிக்கை என்ன. சட்டமன்றத் தொகுதி என்றால் சராசரியிலிருந்து பத்து சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்பது சென்ற முறை பின்பற்றிய வரம்பு, அதற்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ.விடம் இருக்கும் கிராம வரைபடத்தின் நகலும் ஒன்று சேரட்டும்.

அந்த மாற்றுக் கிராமத்துக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் கையெழுத்தும் அதே மனுவில் இருந்தால் இன்னும் நல்லது. பொது விசாரணையில் பேசக் கிடைக்கும் நேரம் சொற்பம். கட்சிக்காரர்கள் மைக்கை விட மாட்டார்கள். கிடைக்கும் ஒரு நிமிஷத்தில் கிராமத்தின் பெயரையும் இரண்டு எண்களையும் முதலில் சொல்லிவிடுங்கள்.